தட்டைப் பிரித்தார்கள், துண்டைப் பிரிக்கவில்லை

2024 ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சியில் எங்கள் படிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு மாணவி மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர் அவருக்கு. மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த இரண்டாவது பெண். என்ன என்று கேட்டோம்.

“எங்க சித்தப்பா பொண்ண ஆஸ்டல்ல இருந்து அனுப்பிட்டாங்கண்ணா. ஒடம்புல ஏதோ கெளம்பியிருக்காம். ஒட்டிக்குமாம். சரியானப்புறம் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்களாம். எப்ப சரியாகும்னு யாருக்கும் தெரியல.”

அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு. மலையடிவாரத்துக்குக் கீழே, சமவெளியில் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அப்பாவும் அம்மாவும் குடகில் காபித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் ஆயா மட்டும்தான்.

மறுநாளே நாங்கள் நான்கு பேர் விடுதிக்குப் போய்விட்டோம். எங்களுக்கு இது பழகின வேலை. மனு எழுதுவோம், அதிகாரியைப் பார்ப்போம், நியாயம் கேட்போம். வார்டன் அம்மா எங்களை உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். “குரங்கம்மைன்னு நியூஸ்ல வருதே, பாக்கலியா? மத்த பிள்ளைங்களப் பெத்தவங்க வந்து கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது?” என்றார் அந்த ஆசிரியர். நாங்கள் குரலை உயர்த்தினோம். “சார், இது சாதாரண கொப்புளம். ஒட்டவெல்லாம் ஒட்டாது. மலைக்காரப் பிள்ளை என்பதால்தானே அனுப்பினீர்கள்? இது தீண்டாமை” என்றோம். அவர் கோபப்படவில்லை. கைப்பேசியை எடுத்து, பிள்ளையின் கையை அனுப்பும் முன்பு எடுத்த படத்தைக் காட்டினார். பிறகு அமைதியாகக் கேட்டார்: “இது என்னன்னு சொல்லுங்க. ஒட்டாதுன்னு எப்படித் தெரியும்?”

எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளையை அதுவரை நாங்கள் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே ‘ஒட்டாது’ என்று சொல்லியிருந்தோம். அன்று திரும்பி வந்த நான்கு பேரும் வழியில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஆகஸ்ட் மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 14-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் குரங்கம்மையை உலகளாவிய அவசர நிலையாக அறிவித்தது. அதற்கு முன்பும் ஒருமுறை, 2022-இல், அப்படி அறிவித்திருந்தது. 1958-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஆய்வுக்கூடக் குரங்குகளிடம் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். குரங்குதான் அதைப் பரப்புகிறது என்று பொருள் இல்லை. 2022-இல் நோய் பல நாடுகளுக்கும் பரவியபோது அந்தப் பெயரை வைத்து ஆப்பிரிக்க மக்களையும் கறுப்பின மக்களையும் இழிவாகப் பேசினார்கள். அதனால் அந்த ஆண்டு நவம்பரில் ‘எம்பாக்ஸ்’ என்று பெயரையே மாற்றினார்கள். ஜெனீவாவில் பெயரை மாற்றினார்கள், எங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் மாற்றவில்லை. விடுதியில் மற்றப் பிள்ளைகள் இவளைக் கூப்பிட்ட பெயர் ‘கொரங்கம்ம’. மலையிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தச் சொல் இரண்டு பக்கமும் வெட்டும். இதை அவளே எங்களிடம் பிறகு சொன்னாள். அழாமல் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்குமேல் வளைவுகள். கல்வராயன் என்றால் வெளியில் இருப்பவர்களுக்குச் சாராயம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதன் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அதற்குப் பிறகே மெல்ல மெல்ல ஏறி வந்தன. இன்னும் ஏறி முடியவில்லை.

ஆயா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், அந்தப் புழுக்கத்திலும். கொஞ்ச நேரத்தில் அவிச்ச மரவள்ளிக் கிழங்கை எடுத்துவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். எங்களில் ஒருவர் சட்டென்று தட்டை நீட்டி, “இதுல வச்சிடு கண்ணு” என்றார். அவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. மற்ற மூவரும் அதைக் கவனித்தோம், ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வந்த தயக்கம் எங்களுக்கும் வந்திருந்ததால்தான் சொல்லவில்லை. தீண்டாமை ஒழிப்பு மாநாட்டில் துண்டறிக்கை கொடுத்த கைகள்தாம் நான்கும். பிள்ளை அதைப் புரிந்துகொண்டாள். கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஆயா கூப்பிட்டு உட்காரவைத்துச் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கையின் மடிப்பிலும் மேல்கையிலும் பக்கவாட்டு விலாவிலும் சின்னச் சின்ன முத்துகள். கம்பு அளவில் சில, மிளகு அளவில் சில. மொத்தம் இருபது, இருபத்தைந்து இருக்கும். இடது கண்ணிமை ஓரத்தில் ஒன்று. மேல்கையில் மட்டும் ஓர் எட்டணா அகலத்துக்குத் தோல் வெந்து, ஈரமாக, ஓரம் கறுத்து இருந்தது. அது நோய் இல்லை. வைத்தியம்.

“பாலுண்ணி தாம்பா இது. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் கொழைச்சி வச்சேன். எங்க காலத்துல அதான் வைப்போம். புள்ள ராத்திரியெல்லாம் கத்துச்சி” என்றார் ஆயா. தன் கையைப் பார்த்தபடியே சொன்னார்.

பாலுண்ணி. எங்கள் பக்கம் இந்த ஒரே பெயரில் மூன்று நான்கு சமாச்சாரங்களை அடக்கிவிடுவார்கள். சொரசொரப்பான மரு, கழுத்தில் தொங்கும் சதைத் துணுக்கு, இந்த முத்து எல்லாமே பாலுண்ணிதான். வைத்தியமும் எல்லாவற்றுக்கும் பொதுதான். அம்மான் பச்சரிசிச் செடியை ஒடித்துப் பால் வைப்பார்கள். எருக்கம்பால் வைப்பார்கள். முடியால் கட்டி அறுப்பார்கள். கோவிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்வார்கள். உப்பு, மிளகு யாரையும் சுடாது. எருக்கம்பாலும் சுண்ணாம்பும் சுடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆயாவைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ‘சரியான பிறகு கூட்டிட்டு வாங்க’ என்று சொன்னவர்கள் எங்கே போய்ச் சரியாக்குவது என்று சொல்லவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போகவேண்டும் என்ற அவசரத்தில்தான் அந்தக் கிழவி சுண்ணாம்பைக் குழைத்தார்.

திங்கட்கிழமை சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன்பு என்றால் விழுப்புரம் முண்டியம்பாக்கம்வரை போயிருக்க வேண்டும். தோல் நோய்ப் பிரிவில் இருந்த மருத்துவர் இளம்பெண். பிள்ளையின் கையைத் தன் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கையுறை போட்டிருந்தார், அவ்வளவுதான். கைப்பேசி டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தார்.

“நடுவுல பாருங்க. ஒவ்வொண்ணுலயும் தொப்புள் மாதிரி ஒரு குழி தெரியுதா?”

தெரிந்தது. அத்தனை நேரம் வெறும் பருக்களாகத் தெரிந்தவற்றின் உச்சியில் ஊசிமுனை அளவு பள்ளம். அதுதான் அடையாளம். பெயர் மொலஸ்கம் கன்டேஜியோசம்.

“ஒட்டுமா டாக்டர்?” என்று கேட்டோம்.

“பேர்லயே இருக்கே. கன்டேஜியோசம்னா ஒட்டக்கூடியதுன்னுதான் அர்த்தம்.”

விடுதியில் ‘ஒட்டாது’ என்று கத்திய நான்கு பேரும் தரையைப் பார்த்தோம்.

அவர் சொன்னதை, பிறகு நாங்கள் தேடிப் படித்ததோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம். இதைப் படிக்கிறவர்களில் பலர் விடுதிகளில் இருக்கிறீர்கள், அல்லது விடுதிகளுக்குப் போய்வருகிறீர்கள். என்றைக்காவது யாராவது ஒரு பிள்ளை கையை நீட்டிக் காட்டும்.

இது ஒரு வைரஸ். தோலின் மேலடுக்கில் மட்டும் வாழும். ரத்தத்தில் கலக்காது, உள்ளுறுப்புக்குப் போகாது. ஒட்டிய இரண்டு வாரம் முதல் ஏழு வாரத்துக்குள் பெரும்பாலும் முத்து தெரியும், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்கிற வேலை வீண். முத்து 2 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். வழவழப்பாக, மெழுகு பூசின மாதிரி. வலி இருக்காது, சிலருக்கு அரிப்பு இருக்கும். காய்ச்சல் இருக்காது. உள்ளே வெள்ளையாக, தயிர்க்கட்டி போல ஒன்று இருக்கும். வைரஸ் நிறைந்திருப்பது அதில்தான். அதனால்தான் பிதுக்கக் கூடாது, சொறியக் கூடாது. சொறிந்த நகம் அடுத்த இடத்தில் விதைத்துவிடும். பிள்ளையின் கையில் முத்துகள் ஒரே கோட்டில் வரிசையாக நின்றதற்குக் காரணம் அவள் நகம்தான்.

மருந்து? இதுதான் எங்களுக்கு ஆச்சரியம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தே தேவையில்லை. ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் சில வருடங்கள் எடுத்துக்கொண்டு உடம்பே அதை விரட்டிவிடும். விரட்டும்போது முத்து சிவந்து வீங்கும். பார்ப்பவர்கள் பயந்துபோய்ச் சீழ் என்று நினைத்துக் கிளறுவார்கள். பல சமயம் அது உடம்பு சண்டைக்கு எழுந்துவிட்டதன் அடையாளம். சீழ் வடிந்தாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோதான் அது வேறு. போனபின் வைரஸ் உடம்பில் ஒளிந்திருக்காது. ஆனால் திரும்ப ஒட்ட வாய்ப்பு உண்டு.

சீக்கிரம் எடுக்கவேண்டும் என்றால் வழிகள் இருக்கின்றன. சிறு கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுப்பது, திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் துளி துளியாக வைப்பது. எல்லாம் மருத்துவர் கையில் நடக்கவேண்டியவை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்பதும் ஒரு காரம்தான், சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்தால் வருவதும் காரம்தான். ஆயாவின் யோசனை முட்டாள்தனம் இல்லை, அளவுதான் இல்லை. மருத்துவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார்.

கண்ணிமை ஓரத்தில் இருந்ததை மட்டும் வலி தெரியாமல் இருக்க மருந்து தடவி எடுத்தார்கள். இமை ஓரத்தில் இருந்தால் கண் சிவப்பும் எரிச்சலும் வரும், அதை விடக்கூடாது. வெந்த புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். மற்றவற்றை அப்படியே விட்டுவிடச் சொன்னார். கடையில் விற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு எதையும் தடவவேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். எங்கள் ஊர்களில் எந்தத் தோல் நோய்க்கும் முதலில் கைக்கு வருவது அந்தக் களிம்புதான்.

இங்கே ஒரு விஷயம். அன்று இரவு நாங்கள் இணையத்தில் இந்த நோயின் படங்களைத் தேடினோம். பக்கம் பக்கமாக வெள்ளைத் தோல். அதில் முத்து இளஞ்சிவப்பாக இருக்கிறது. எங்கள் பிள்ளையின் தோலில் அது சிவப்பாகவே இல்லை. தோல் நிறத்திலோ கொஞ்சம் வெளுப்பாகவோதான் இருந்தது. சிவந்து வீங்குகிற கட்டம்கூட எங்கள் தோலில் சிவப்பாகத் தெரியாது, இன்னும் கறுத்துத் தெரியும். போனபின் கறுப்புத் தழும்போ வெளுத்த புள்ளியோ சில மாதம் நிற்கும். அந்த வெளுத்த புள்ளியைப் பார்த்துத் தொழுநோய் என்று கிளப்பிவிட்டவர்களும் இருக்கிறார்கள். படத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் குழியைத் தேடுங்கள்.

வேறு எதனோடெல்லாம் குழம்பும் என்றும் கேட்டுக்கொண்டோம். ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கில் கிளம்பி, அறையில் நான்கு பேருக்குச் சேர்ந்து இருந்தால் அது சிரங்குப் பூச்சி. அதற்கு மருந்து உண்டு, ஆனால் ஒருவருக்கு மட்டும் போட்டால் போகாது, அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் போடவேண்டும். காய்ச்சலோடு நீர் கோத்த கொப்புளம் ஓரிரு நாளில் உடம்பெல்லாம் பரவினால் சின்னம்மை. அந்தப் பிள்ளை கொப்புளம் காய்ந்து பொருக்காகும்வரை வீட்டில் இருக்கத்தான் வேண்டும், அங்கே போய் உரிமை பேசாதீர்கள். குரங்கம்மை என்றால் காய்ச்சல் இருக்கும், நெறி கட்டும், கொப்புளம் வலிக்கும், உள்ளங்கையிலும் வரலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவர் பார்க்கட்டும். இந்தப் பிள்ளைக்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை. யாராவது ஐந்து நிமிடம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெரியவர்களுக்கும் இது வரும். தொடை இடுக்கில், பிறப்புறுப்பைச் சுற்றி வந்தால் பெரும்பாலும் உடலுறவு வழியாக ஒட்டியது. வெட்கப்பட்டுக்கொண்டு சவரம் செய்தால் இன்னும் பரவும். பெரியவர் ஒருவருக்கு முகமெல்லாம் பெரிது பெரிதாகக் கிளம்பினால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் அப்படி வரும். ஒழுக்கம் பேசுவதற்காகச் சொல்வதில்லை, சிகிச்சை தொடங்குவதற்காகச் சொல்வது.

மருத்துவர் போகிற போக்கில் சொன்ன ஒன்று எங்களை ரொம்ப நாள் விடவில்லை. இந்த வைரஸ் பெரியம்மையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதருக்கு மட்டுமே வரும் அம்மை வைரஸ்கள் இரண்டு: ஒன்று பெரியம்மை, இன்னொன்று இது. பெரியம்மையின் கடைசி நோயாளிகளை இந்தியா 1975-இல் பார்த்தது, 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அண்ணன் ஊர் ஊராகக் கொன்றுவிட்டுப் போனான். தம்பி பிள்ளைகளின் முழங்கையில் குழிவிழுந்த முத்தாக உட்கார்ந்திருக்கிறான், யாரையும் கொல்லாமல்.

அந்த அண்ணன் காலத்துக் கதை ஒன்று உண்டு. ஜென்னர் கண்டுபிடித்த தடுப்புமுறை 1802-இல் இந்தியாவுக்கு வந்தது. அப்போது மருந்தைப் புட்டியில் வைத்துக் காப்பாற்ற வழி சரியாக இல்லை. ஒரு பிள்ளையின் கையில் அம்மை குத்தி, அது பழுத்ததும் அதன் நீரை எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்துவார்கள். கையிலிருந்து கைக்கு. உயிரைக் காக்கிற அந்த நீர் எந்தச் சாதிப் பிள்ளையின் கையிலிருந்து வந்தது என்று கேட்டுச் சாதி இந்துக்கள் பலர் மறுத்தார்கள். சேரிப் பிள்ளைகளின் கையிலிருந்து எடுத்தது வேண்டாம் என்றார்கள். கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்கும் முறை வந்த பிறகே அந்தச் சிக்கல் குறைந்தது. பசுவின் நீர் பரவாயில்லை என்றாகிவிட்டது. நோய் ஒட்டும் என்ற பயத்தைவிட, குணமாக்குவது யாரிடமிருந்து ஒட்டுகிறது என்ற பயம் பெரிதாக இருந்திருக்கிறது. தொற்று, தீட்டு என்ற இரண்டு சொல்லையும் நம் ஊர் எப்போதும் ஒரே பானையில்தான் வேகவைத்திருக்கிறது.

மருத்துவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நோயின் பெயர், இதற்காகப் பள்ளியிலிருந்தோ விடுதியிலிருந்தோ விலக்கத் தேவையில்லை, முத்து இருக்கும் இடத்தைச் சட்டையாலோ கட்டாலோ மூடினால் போதும், துண்டும் உடையும் சோப்புத் தேய்க்கும் நாரும் தனியாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் அதில். அதை எடுத்துக்கொண்டு திரும்ப விடுதிக்குப் போனோம். இந்த முறை பிள்ளையும் ஆயாவும் கூட வந்தார்கள். இந்த முறை நாங்கள் முதலில் சொன்னது: “அன்னிக்கு நாங்க சொன்னது தப்பு சார். இது ஒட்டும்.”

அந்த ஆசிரியர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் பேச்சே நடந்தது. எப்படி ஒட்டும், எப்படி ஒட்டாது என்று கடிதத்தை வைத்துப் பேசினோம். ஒரே அறையில் தூங்கினால் காற்றில் வராது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வராது. தட்டு, டம்ளர் வழியாகப் பரவுகிற நோய் இல்லை. தோலோடு தோல் உரசினால், ஒரே துண்டில் துடைத்துக்கொண்டால், உடையை மாற்றிப் போட்டுக்கொண்டால் வரும்.

அப்போதுதான் பிள்ளை மெல்லச் சொன்னாள்: “எனக்குத் தட்டு வேற வச்சிருந்தாங்க.”

அனுப்புவதற்கு முன்பு பத்து நாள் அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனி. தட்டின் அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி அடையாளம் வைத்திருந்தார்கள். கடைசியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். தானே கழுவித் தனியாகக் கவிழ்க்கவேண்டும். அதெல்லாம் தவறாமல் நடந்திருக்கிறது. குளிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னோம். ஒரு கொடி. அதில் ஆறு துண்டு. அந்த அறையில் இருந்த பிள்ளைகள் பதினெட்டு. அந்தப் பத்து நாளும் அவள் அதே துண்டுகளில்தான் துடைத்துக்கொண்டாள், மற்றவர்களும் அதே துண்டுகளில்தான். ஒரே நார், ஒரே சோப்பு. வைரஸ் போகிற வழியை அகலத் திறந்து வைத்துவிட்டு, அது போகவே போகாத வழியில் காவல் போட்டிருந்தார்கள்.

யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை என்று வார்டன் அம்மா சொன்னார். நாங்கள் அதை நம்புகிறோம். யோசித்துச் செய்திருந்தால் துண்டைத்தான் பிரித்திருப்பார்கள். ஒரு பிள்ளையை விலக்கவேண்டும் என்றதும் கை தானாகத் தட்டுக்குத்தான் போயிருக்கிறது. டம்ளருக்குத்தான் போயிருக்கிறது. அந்தக் கைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நமக்குத் தெரியும். டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றிப் பேசும் நாம் இதையும் பேசவேண்டும் என்று அங்கேயே சொன்னோம்.

சட்டமும் நம் கையில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கல்வி நிலையத்துக்குள் வரவிடாமல் தடுப்பதையும் பொதுவில் உள்ள பாத்திரங்களைப் புழங்கவிடாமல் செய்வதையும் குற்றமாக எழுதிவைத்திருக்கிறது. புகார் எழுதுவதா என்று அன்றிரவு எங்களுக்குள் சண்டையே நடந்தது. எழுதினால் பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்க முடியுமா என்றார் அவளுடைய அக்கா. எழுதாவிட்டால் அடுத்த பிள்ளைக்கும் ஆணியால் கீறுவார்கள் என்றார் எங்களில் ஒருவர். கடைசியில் ஆயாவிடம் கேட்டோம். “புள்ள படிக்கட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். காவல் நிலையத்துக்குப் போகவில்லை. மாவட்ட நிர்வாகத்துக்கு மனு மட்டும் எழுதினோம். சரியான முடிவுதானா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒற்றுமை இல்லை.

முதல் நாள் நாங்கள் போட்ட சத்தத்தோடு புகாரும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தோம். ‘ஒட்டாத நோய்க்கு விலக்கினார்கள்’ என்றுதான் எழுதியிருப்போம். எதிர்த் தரப்பு ஒரு மருத்துவரைக் கூப்பிட்டு ‘ஒட்டும்’ என்று ஒரு வரி சொல்லவைத்தால் தட்டும் ஆணிக் கீறலும் அதற்கடியில் காணாமல் போயிருக்கும். கோபம் சரியாக இருந்தது. கூடவே ஒரு பொய்யையும் தூக்கிக்கொண்டு போயிருந்தோம்.

மனுவில் கேட்டவை பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு மேல் பெயர். பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்க வரும் மருத்துவக் குழு தோலையும் சட்டையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். நோய் என்று எந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினாலும் மருத்துவர் எழுத்தில் சொல்லவேண்டும், எத்தனை நாள் என்றும் எழுதவேண்டும். ‘சரியான பிறகு’ என்று அனுப்பினால், இந்த நோய்க்கு அது ஒரு வருடமாகவும் இருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் ஒரு வருடம் மலையில் உட்கார்ந்த பெண்பிள்ளை ஆறாம் வகுப்புக்கு இறங்கி வருவாள் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

பிள்ளை அன்றே விடுதியில் சேர்ந்துவிட்டாள். 23 நாள் போயிருந்தது. அவளுடைய அறையில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு முத்து இருந்தது பிறகு தெரிந்தது. அதில் ஒருத்திக்கு இவளுக்கும் முன்பிருந்தே இருந்திருக்கிறது. கழுத்தோரம் என்பதால் முடி மறைத்திருக்கிறது. அவளை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவள் எந்த ஊர், எந்தத் தெரு என்று நாங்கள் கேட்கவில்லை. வார்டன் அம்மாவும் சொல்லவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தோம். முத்துகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. விலாவில் நாலைந்து மிச்சம். சுண்ணாம்பு வெந்த இடம் மட்டும் தழும்பாகவே நிற்கிறது. கொடியில் இப்போது பதினெட்டு துண்டு. ஆளுக்கொரு நிறத்தில் நூலால் பெயர் தைத்திருக்கிறார்கள். அந்த ஆசிரியரின் மனைவி தைத்துக் கொடுத்தாராம். எங்களைப் பார்த்ததும் பிள்ளை ஓடிவந்து, அன்று கிழங்குக்குத் தட்டை நீட்டியவரின் கையைத்தான் முதலில் பிடித்தாள். ஞாபகம் வைத்துக்கொண்டு பிடித்தாளா, அவர்தான் முன்னால் நின்றார் என்பதால் பிடித்தாளா, தெரியவில்லை. அவர் ரொம்ப நேரம் கையை விடவில்லை.

சமையல் செய்யும் அக்காவிடம் அந்தத் தட்டு எங்கே என்று கேட்டோம். “எல்லாத்தோடயும் கலந்துடுச்சி, எதுன்னு இப்ப யாரு பாக்குறா” என்றார்.

வருகைப் பதிவேட்டில் அந்த 23 நாளும் ‘வரவில்லை’ என்றே இருக்கிறது. அவள் வராமல் இல்லை, வரவிடவில்லை, அப்படி எழுதுங்கள் என்று இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை.